பாதியில் கிடந்த ஸ்வெற்றரைத் திரும்பத் தொடக்கித் தந்தவர்களுக்கு

அன்புள்ள ரீச்சர், கொக்குவில் லேத் பட்டறை அண்ணை, சுன்னாகம் அக்கா, நகைப்பட்டறை ஐயா, ரொறன்ரோவிலிருந்து நூல் அனுப்பிய தங்கச்சி, உங்கள் எல்லாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பல வருடம் தகரப்பெட்டிக்குள் கிடந்த அந்தக் கம்பளி ஸ்வெற்றரின் பின்துண்டு, பாதிக்கு மேல் விசிறிபோல விரிந்திருந்தது. பின்னியவரின் கை தளர்ந்துபோனதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். ரீச்சர் மட்டும் ஊசிகளைக் கேட்டார். இரண்டு சோடியிலும் 8 என்றே பொறித்திருந்தது. அண்ணை வேணியர் இடுக்கியை வைத்து அளந்தார்: ஒரு சோடி 4 மில்லிமீற்றர், மற்றது 5. பழைய பிரித்தானிய 8ஆம் இலக்கம் 4 மி.மீ.; அமெரிக்க 8ஆம் இலக்கம் 5 மி.மீ. பிரித்தானிய இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க இலக்கம் கூடக்கூடத் தடிக்கும். அதே 106 கண் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஒன்றில் 48 செ.மீ. அகலம், மற்றதில் 56 செ.மீ. எட்டுச் செ.மீ. வித்தியாசத்தை எந்த அயன்பெட்டியும் மறைக்காது. குலைக்கத்தான் வேண்டும்.

குலைக்கும் வழியைக் காட்டியதும் ரீச்சர்தான். கண் போட்டுத் தொடங்கிய விளிம்பில் இழுத்தால் கண்ணுக்குக் கண் சிக்கும். கடைசியாகப் பின்னிய பக்கத்திலிருந்து இழுத்தால் வரிசை வரிசையாக ஓடிவரும். ஊசியைக் கண்ணுக்குள் விட்டே வைத்ததால் உப்புக்காற்றில் துருப்பிடித்து, அந்த வரிசை நூலில் மண்ணிறப் புள்ளிகள். அந்த இடங்களை வெட்டி எறிந்தோம். மிச்ச நூலைக் கதிரை முதுகில் சுற்றிப் பெரிய வளையமான கழியாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டினோம். இறுக்கிக் கட்டினால் கட்டுக்குள் தண்ணீர் இறங்காது, அந்த இடம் மட்டும் சுருண்டே இருக்கும்.

அக்கா, நீங்கள் தந்த இரண்டு வாளி மழைத்தண்ணீரை மறக்க மாட்டோம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுகிறவை. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பொருக்காகக் கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். மழைத்தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, சில துளி ஷாம்பு விட்டு, அரை மணி நேரம் அசைக்காமல் ஊறவைத்தோம். சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி திரண்டு கட்டியாகிவிடும். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, விறாந்தை நிழலில் தொங்கவிட்டோம். பாரம் கட்டவில்லை; ஈரக் கம்பளி இழுபட்டால் மெலிந்துபோகும். மறுநாள் தொட்டுப் பார்க்க, நெளிநெளியாக இருந்த நூல் நேராகிப் பஞ்சுபோல உப்பியிருந்தது. கழுவாமல் அந்த நெளிவோடு பின்னியிருந்தால் கண்கள் மேடும் பள்ளமுமாக வந்திருக்கும், அளவும் பொய் சொல்லியிருக்கும்.

ஐயா, உங்கள் தராசு இல்லாவிட்டால் நூல் காணுமா என்பது கைப்பகுதி பின்னும்போதுதான் தெரிந்திருக்கும். 15 செ.மீ. சதுரம் பின்னி, கழுவிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு 22 கண், 30 வரிசை எண்ணினோம். சதுரம் 9 கிராம். உடலும் இரண்டு கையும் ஏறக்குறைய 9,300 சதுர செ.மீ.; கணக்குப்படி 372 கிராம், விளிம்பில் வரும் றிப்புப் பின்னலுக்கும் தையலுக்கும் சேர்த்து 410 பிடித்தோம். கையில் இருந்தது 340.

அந்தக் குறையைத் தங்கச்சி அனுப்பிய இரண்டு 50 கிராம் உருண்டைகள் தீர்த்தன. சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல், வேறு என்பதால் நிறம் ஒரு சொட்டு ஆழம். அதனால் கையில் மட்டும் இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாறி மாறிப் பின்னப்போகிறோம். ஒரேயடியாக மாற்றினால் கோடு போட்டதுபோலத் தெரியும்.

பின்துண்டு இப்போது 74ஆம் வரிசையில், 48 செ.மீ. அகலத்தில், நேராக நிற்கிறது. அக்குளுக்கு இன்னும் 30 வரிசை இருக்கிறது. ரீச்சர், கண் குறைக்கத் தொடங்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
நல்லூரிலிருந்து உங்கள் பின்னல் பிள்ளைகள்