அலமாரி மேல் வைத்த பொம்மை

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை நீக்கிய பிறகு எழுதவும் படிக்கவும் இப்போதுதான் அனுமதி கிடைத்தது. ஒரு வருடமாக ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நேற்று நானே கோத்துவிட்டேன். உன் மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு.

பொம்மை விஷயத்துக்கு வருகிறேன். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பார்பியை, அதன் உடல்வாகு பிடிக்காமல், பேத்தியின் கையிலிருந்து வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாய். ஒரு பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மருமகள் கேட்டாள். குழந்தை இரண்டு நாளாக உன்னிடம் பேசவில்லை. ‘நான் பழங்காலத்து மனுஷியாகிவிட்டேனா?’ என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை, மாலதி. உன்னுடைய எதிர்ப்புக்கும் பார்பிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி முதன்முதலாக வந்தது. அந்தக் காலத்திலேயே அதைச் செய்த மேட்டல் நிறுவனம் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளரை அமர்த்தித் தாய்மார்களிடமும் சிறுமிகளிடமும் கருத்துக் கேட்டது. சிறுமிகள் பொம்மையை விரும்பினார்கள். தாய்மார்களோ முகம் சுளித்தார்கள். குழந்தை விளையாடும் பொருளுக்கு இப்படி ஓர் உடம்பா என்றார்கள். அப்போது ஒரு சிறுமி பொம்மை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று சொல்ல, அவளுடைய அம்மா மனம் இளகியதை டிக்டர் கவனித்தார். வழி கிடைத்துவிட்டது. நேர்த்தியாக உடுத்தவும் தலைவாரவும் இது பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும் என்று தாய்மார்களை நம்பவைக்கலாம். தொலைக்காட்சி விளம்பரமோ அம்மாவைத் தாண்டி நேராகக் குழந்தையிடமே பேசியது. தாய்மார் சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியிருக்கிறார்கள். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அந்த உடம்பு வந்த இடமும் குழந்தைகளின் உலகம் கிடையாது. ஜெர்மனியில் ஒரு நாளிதழின் கேலிச்சித்திரப் பாத்திரமான லில்லியை 1955 முதல் பொம்மையாக விற்றார்கள். புகையிலைக் கடைகளில் வைத்து, வளர்ந்த ஆண்களுக்கு. மேட்டலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் ஐரோப்பாப் பயணத்தில் அதைப் பார்த்து எடுத்துவந்தார். தன் மகள் காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களாக வைத்து விளையாடுவதைக் கண்டு, நாளை தான் யாராக இருக்கலாம் என்று ஒரு சிறுமி கற்பனை செய்ய ஒரு பொம்மை வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த எண்ணத்தில் எனக்குத் துளியும் குறை இல்லை. கைக்குழந்தைப் பொம்மையை மட்டும் கொடுத்து, தாலாட்டுவதைத் தவிர வேறு விளையாட்டே இல்லாமல் வைத்திருந்ததை விட இது மேல்தான்.

பார்பியின் இடுப்பு ஏன் அத்தனை ஒடுங்கியிருக்கிறது என்று கேட்டால் துணியைக் காரணம் சொல்கிறார்கள். எளிதாக உடை மாட்டிக் கழற்றுவதற்காகத்தான் அந்த உருவம் என்று அப்போது பார்பியின் வடிவமைப்புப் பொறுப்பாளராக இருந்த கிம் கல்மோன் 2014இல்கூடச் சொன்னார். முப்பது வருடம் தைத்த கை எனக்கு, இதில் பாதி உண்மை என்று தெரியும். பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், ஒரு பெண்ணின் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆனால் துணியின் கனத்தை யாராலும் ஆறில் ஒன்றாகக் குறைக்க முடியாது. பாவாடைச் சுருக்கு, பட்டியின் மடிப்பு, உள்ளே தையல் ஓரம், மேலே பிரஸ் பட்டன் எல்லாம் இடுப்பில் வந்து குவியும். உடம்பு இளைத்திருந்தால்தான் உடுத்திய பிறகு பார்க்கச் சரியாக இருக்கும். சரி, பாதத்தில் எந்தத் துணி குவிகிறது? குதிகால் தரையில் படாமல் ஏன் நுனிக்காலில் நிற்க வேண்டும்? அந்தக் கழுத்து ஏன் அத்தனை நீளம்? ஆண் பொம்மைக்கும்தான் கால்சட்டைப் பட்டி இருக்கிறது. பார்பியின் உடல்வாகு கொண்ட பெண் லட்சத்தில் ஒருத்திகூடக் கிடைக்க மாட்டாள், கென் பொம்மையின் வாகு ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு இருக்கலாம் என்று 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த வித்தியாசத்துக்குத் துணி பொறுப்பாகாது.

1965இல் வந்த ஒரு பார்பிப் பெட்டியில் 110 பவுண்டில், அதாவது ஐம்பது கிலோவில் முள் நிற்கும் எடை இயந்திரமும், எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த அறிவுரை: ‘சாப்பிடாதே’. இதைத் தையல் வசதி என்று யார் சொல்ல முடியும்? 2006இல் இங்கிலாந்தில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள 162 சிறுமிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். பார்பியின் படங்களைப் பார்த்தவர்களில், குறிப்பாகச் சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு, தங்கள் உடம்பு மீதான திருப்தி குறைந்திருந்தது. 2016இல் பூசினாற்போல், குள்ளமாக, உயரமாக என்று மூன்று புது உடல்கள் வந்தன. 57 வருடம் கழித்து.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் என் பேத்தியின் பொம்மைக்குத் தலைமுடி சிக்கிக் கட்டையாகிவிட்டது. வெந்நீரில் தலையை ஊறவைத்தோம். வினைல் இளகியதும் தலை கழுத்திலிருந்து வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. குழந்தை முதலில் பயந்தாள். பிறகு கழுத்துத் துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, ‘பாட்டி, உள்ளே தையல் இருக்கிறது!’ என்று கத்தினாள். நானும் என் புதுக் கண்ணால் பார்த்தேன். வரிசை வரிசையாக நைலான் குஞ்சங்கள். வகிட்டில் நெருக்கமாக, பின்னந்தலையில் இடைவெளி விட்டு. மேலே முடி மூடிவிடும் இடத்தில் நூலை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒரு கண்ணிமையின் கோடு மயிரிழை விலகியிருந்தது.

யார் தைத்தார்கள் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். கூழாக இருக்கும் வினைலை உலோக அச்சில் ஊற்றிச் சூட்டில் சுழற்றுவார்கள். அது அச்சின் உட்சுவரில் படிந்து கெட்டியாகும். சூடு முழுதும் ஆறுமுன் கழுத்துத் துளை வழியாக இழுத்தெடுப்பார்கள். அந்த வெற்றுத் தலையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பித் தையல் இயந்திரத்தில் கொடுத்தால் முடி ஏறும். கண்ணும் உதடும் ஒவ்வொரு நிறமாக அச்சில் ஒற்றி எடுப்பது. இதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. முதல் பார்பிகளின் உடைகளை ஜப்பானில் வீட்டிலிருந்தபடி தைத்தவர்களும் பெண்கள்தான்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். 1993 மே 10இல் தாய்லாந்தின் கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வாசல்கள் பூட்டியிருந்தன. 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஏற்றுமதிக்காகத் துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்த இடம் அது. பொம்மையின் இடுப்பைப் பற்றி இத்தனை வருடம் பேசிய நாம் இவர்களைப் பற்றி எத்தனை முறை பேசினோம்? 2007இல் சாயத்தில் ஈயம் இருந்ததால் பார்பியின் துணைப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது பெற்றோர் எல்லாரும் பதறியது நியாயம். அதே சாயத்தை நாள் முழுக்கச் சுவாசித்தவள் என்ன ஆனாள் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் பொம்மையை இறக்கிவிடு, மாலதி. உன் கோபம் சரி. ஆனால் அது இப்போது விழுந்திருப்பது ஏழு வயதுப் பிள்ளையின் மேல். தான் ஆசைப்பட்டது அசிங்கம் என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது. இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பாருங்கள். டாஸ்மேனியாவில் சோனியா சிங் என்ற பெண், பிறர் ஒதுக்கிய பொம்மைகளின் முகப்பூச்சைத் துடைத்துச் சாதாரணச் சிறுமிகளின் முகமாக வரைகிறார். அவருடைய அம்மா அவற்றுக்குக் கம்பளி உடை பின்னுகிறார். அதைப் படித்துவிட்டு நாங்களும் முயன்றோம். உதட்டுச் சாயத்தை நான் துடைத்தேன், பேத்தி வரைந்தாள். கண்ணைத் தொடவே விடவில்லை. அது அப்படியே இருக்கட்டுமாம். சரி என்றேன்.

இப்போது அவளுடைய கவலை எல்லாம் அந்தப் பொம்மை சுவரில் சாயாமல் நிற்கவேண்டும் என்பதுதான். தடித்த துணியில், குதிகாலுக்குக் கீழே தக்கை வைத்து ஒரு ஜோடி காலணி தைத்தேன். மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. பத்து எண்ணும் வரை நின்றது. உன் பேத்தியின் பொம்மைக்கும் ஒன்று தைத்து அனுப்புகிறேன். குதிகாலிலிருந்து விரல்நுனி வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே வெட்டிக் கடிதத்தோடு அனுப்பு. அளவை அவளே எடுக்கட்டும்.

அன்புடன்,
சரோஜா