ஞானஸ்நானத் தொட்டிக்கு ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதியில் நான் அங்கம் வகிக்கும் தமிழ் ஆலயத்தில், மேற்கு வாசலையொட்டி நின்ற கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி, புதுப்பிப்பு வேலையின்போது வழியை மறைக்கிறது என்று அகற்றப்பட்டு, இன்று ஜெனரேட்டர் அறைப் பக்கம் துடைப்பங்களுக்குத் துணையாக நிற்கிறது. சென்ற மாதம் என் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது, ட்ரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஸ்டூலின் மேல் வைத்த எவர்சில்வர் பேசினில்தான் தண்ணீர் இருந்தது. தண்ணீரும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவத்தின் நாமமும் இருந்தால் ஞானஸ்நானத்தில் குறைவொன்றுமில்லை என்பதை அறிவேன். என் குறை இடத்தைப் பற்றியது.

திருச்சபைக்குள் நுழையும் வாசல் ஞானஸ்நானமே என்பதைக் கட்டடமே சொல்லட்டும் என்றுதான் தொட்டியை வாசலருகே வைத்தார்கள். வளர்ந்தவர்களே பெருமளவில் ஞானஸ்நானம் பெற்ற ஆதிக் காலத்தில் இதற்கென ஓர் அறையும், பின்னர் தனிக் கட்டடமுமே இருந்தன. சிரியாவின் துரா யூரோப்பாஸில் 3ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டை ஆலயமாக மாற்றியவர்கள், ஓர் அறையின் சுவரில் கிறிஸ்துவை நல்ல மேய்ப்பனாக வரைந்து அதன் கீழே தொட்டி கட்டினார்கள். ரோமாபுரியில் லாத்தரன் பேராலயத்தையொட்டி 5ஆம் நூற்றாண்டில் எழுந்த எண்கோண ஞானஸ்நான மண்டபம் இன்றும் நிற்கிறது. எட்டுப் பக்கங்கள், ஏழு நாளைக் கடந்த எட்டாம் நாளை, அதாவது கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளைக் குறிப்பவை. குழந்தைகளுக்குக் கொடுப்பதே பெருவழக்கான பின்பு, ஆலயத்துக்குள் நிற்கும் ஒரு கல்தொட்டியே போதுமானதாயிற்று. எங்கள் பழைய தொட்டியும் எட்டுப் பட்டைதான். அதைப் பெயர்த்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பலவற்றில் மேடைப் பலகைகளைத் தூக்கினால் படிகளுடன் தொட்டி தெரியும். ஆள் மூழ்க வேண்டும் என்பதால் கட்டும்போதே இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். கையளவு தண்ணீர் போதும் என்ற எங்கள் வசதிதான், தொட்டியை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம் என்ற துணிவைக் கொடுத்திருக்கிறது.

ஆலயங்களை இடித்துக் கட்டவும் விரிவாக்கவும் முனைந்திருக்கும் கமிட்டியார், பொறியாளரிடம் வரைபடம் கேட்கும்போதே வாசலருகே எட்டடிக்கு எட்டடி இடத்தைக் குறித்துவிட வேண்டும். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சுற்றி நிற்க அது போதும். நெருக்கடி என்றால் நாற்காலியில் ஒரு வரிசை குறையட்டும். ஞானஸ்நானத் தண்ணீர் சாக்கடையில் கலவாமல் மண்ணில் இறங்கும்படி தொட்டியின் அடியில் குழாய் வைப்பது பழைய வழக்கம். எங்கள் தொட்டியில் அந்தத் துவாரம் இன்னும் அடைபடாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினர் ஒருவர்,
பெங்களூரு