மூன்றாவது இயல் பற்றி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடி ஓட்டைப் பிரித்துப் போட்டாயிற்று, பெரியத்தை சொன்ன கொத்தனார்தான். போன வாரம் ஊருக்கு வந்த குமார் நம் வீட்டுக்கும் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான். நீ போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். அம்மாதான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

உன் ஆய்வேட்டின் மூன்றாவது இயல் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. புதுமைப்பித்தன் வாழ்க்கையையும் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற இயல் அது. எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தை எழுதி அனுப்பினால் உதவும் என்று நினைத்தேன்.

ஆண்டை முதலில் எழுது. பெரிய நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை நெடுக்குவாட்டில் நாலு கட்டமாகக் கோடு போடு. முதல் கட்டத்தில் ஆண்டும் மாதமும். இரண்டாவதில் அப்போது அவர் எந்த ஊரில் இருந்தார், எங்கே வேலை, மனைவி கமலா அம்மையார் கூட இருந்தாரா, ஊரில் இருந்தாரா. மூன்றாவதில் அந்த மாதம் இதழில் வந்த கதை. நாலாவதில் அந்தக் கதை எந்த ஆண்டு எந்தத் தொகுப்பில் சேர்ந்தது. மூன்றாவது கட்டத்தையும் நாலாவது கட்டத்தையும் ஒன்றாக்கிவிடாதே. மணிக்கொடி இதழில் எழுதிய கதைகள் 1934, 35, 36இல் வந்தவை. முதல் தொகுப்பு வந்தது 1940இல். தொகுப்பின் ஆண்டைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையோடு பொருத்தினால், சென்னைக்கு வந்து பிழைப்புக்கு அலைந்த காலத்தில் எழுதியதை, தினமணியில் ஐந்து வருஷம் மேசை போட்டு உட்கார்ந்தபின் எழுதியதாகப் படிக்க நேரும். 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி கொண்டுவந்த காலச்சுவடு பதிப்பு கதைகளைக் கால வரிசையில் வைத்து, எந்த இதழில் வந்தது என்றும் தருகிறது. அதை மேசையில் வைத்துக்கொண்டு எழுது. வேறு பதிப்பில் படித்தாலும் ஆண்டை இதில் பார்.

வாழ்க்கைக் கட்டம் உனக்கு மனப்பாடம். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறப்பு, சிறுவயதிலேயே தாய் இறப்பு, அப்பாவின் அரசு உத்தியோகத்தால் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம், 1918இல் நெல்லைக்குத் திரும்பியது, 1931இல் பி.ஏ.வும் கல்யாணமும். அதன்பிறகு ஊழியன், மணிக்கொடி, தினமணி, தினசரி என்று பத்திரிகைகள், பிறகு சினிமா. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் முடிந்துவிட்டது, 42 வயதில். இந்தக் கட்டத்தை ஒரே பக்கத்தில் முடித்துவிடு. நிறையப் பேர் இயலில் பாதியை இதற்கே செலவழித்துவிட்டு, கதைக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள்.

கதையில் எங்கே நிற்க வேண்டும் என்றால், நான் காசு வரும் இடங்களில் நிற்பேன். 1934இல் வந்த பொன்னகரம் கதையில், அம்மாளு தன்னைக் கொடுத்துச் சம்பாதித்த முக்கால் ரூபாய். மூன்று வருஷம் கழித்து, ஒருநாள் கழிந்தது கதையில் எழுத்தாளர் முருகதாசரின் கைமாற்று. 1943இல் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும். அதன் தொடக்கத்தை மறுபடி எடுத்துப் பார். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற இடத்தில், தகப்பனார் பெயரும் தலைப்பெழுத்துமாக நீட்டி முழக்கி ஒரு மனிதரை நிறுத்துகிறார். பெரிய தத்துவம் வரப்போகிறது என்று நாம் காத்திருந்தால், டிராமில் போனால் ஒன்றேகாலணா, காலணா மிஞ்சும், அதில் வெற்றிலை போடலாம், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்ச தூரம் போய் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது என்று கணக்கு ஓடுகிறது. அந்தக் காலணாவைக் கையில் வைத்து எண்ணிப் பார்க்காதவரால் இந்த வாக்கியம் எழுத முடியாது. வாழ்க்கை எழுத்துக்குள் வருவது இப்படித்தான், வாக்கியத்தின் எலும்புக்குள்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. முக்கால் ரூபாய் எழுதிய கையும் காலணா எழுதிய கையும் ஒன்றுதான், கஷ்டமும் பெரிதாக மாறிவிடவில்லை. 1934இல் அந்தக் காசு வாசகனை நேருக்கு நேர் பார்த்துக் கற்பைப் பற்றிக் கேட்கிறது. 1943இல் கடவுளை வீட்டுக்குக் கூட்டிவந்து பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்குகிறது. வறுமைதான் எல்லாம் என்றால் இந்த மாற்றம் எப்படி வந்தது? இதழ் மாறியது. கதைக்கு இடம் கூடியது. கோபத்தைக் கொஞ்சம் ஆறவிட்டு எழுதப் பழகியிருக்கிறார். இந்த மூன்றையும் தனித்தனியே காட்டினால்தான் இயல் நிற்கும்.

நடையைப் பற்றி 'தாவித் தாவி' என்று அவர் சொன்னதையே எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. எண்ணு. ஒரு கதையில் தொடர்ச்சியாக முப்பது வாக்கியம் எடு, ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எழுது. நீளமான வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு சொல் வாக்கியம் எங்கே வந்து விழுகிறது என்று குறித்துக்கொள். தாவல் அங்கேதான். உன் இரண்டாம் இயலை நான் மூன்று தடவை படித்தேன் அம்மா. நெல்லைப் பேச்சு எங்கே வருகிறது, கதை சொல்கிற குரல் எங்கே புத்தகத் தமிழுக்கு ஏறுகிறது என்று நீ பிரித்த விதம் எனக்கு வராது. வகுப்பெடுத்த இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. அப்படி எழுதத் தெரிந்தவள் ஒரு வார்த்தை போனில் சொல்லாமல் இருக்கலாமா?

தவறு நேரும் இடங்களைச் சொல்கிறேன். ஒன்று தழுவல். மாப்பசானைத் தழுவியவையும் அவர் பெயரில் தொகுப்பில் சேர்ந்துவிட்டன, அவர் வரலாற்றை எழுதிய ரகுநாதன் எடுத்துக் காட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரன் போட்ட முடிச்சில் திருநெல்வேலி வாழ்க்கையைத் தேடக் கூடாது. இயலுக்கு எடுக்கும் ஒவ்வொரு கதைக்கும் இதை முதலில் பார். இன்னொன்று சிற்றன்னை கதை. தலைப்பைப் பார்த்ததும் அவருடைய மாற்றாந்தாய்க்குத் தாவிவிடுவார்கள். கதையில் இருப்பவளும் வீட்டில் இருந்தவளும் ஒருத்திதான் என்று சொல்ல வேறு சான்று வேண்டும், கதையே கதைக்குச் சான்றாகாது. துன்பக்கேணியை வைத்துப் பார், அவர் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர் இல்லை. வாழாத வாழ்க்கையையும் எழுதியவர் அவர் என்பதற்கு அந்த ஒரு கதை போதும்.

கமலா அம்மையாருக்கு எழுதிய கடிதங்களை எடுக்கும்போது கவனம். அதில் பணம் அனுப்ப முடியாத கவலை வந்துகொண்டே இருக்கும், கண் கலங்கும். உடனே கதையோடு ஒட்டிவிடத் தோன்றும். கடிதம் ஒருத்தருக்காக எழுதுவது. அவர் பயப்படக் கூடாது என்று சிலதை மறைப்பார்கள், அவர் மனம் இளகட்டும் என்று சிலதைக் கூட்டுவார்கள். என்ன இருக்கிறது என்று பார்த்தபின், இருக்க வேண்டியது எது இல்லை என்றும் பார். தேதியைப் பார். மறுபடியும் சொல்கிறேன், ஆண்டை முதலில் எழுது.

செல்வி, குமார் என்னிடம் சொல்லிவிட்டான். அவனைக் கோபிக்காதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். இயலை நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும், நீ இரண்டு மாதமாக நூலகத்துக்கே போகவில்லை என்றும் சொன்னான். எந்தப் பக்கத்தில் சிவப்பு மை விழுந்தது என்றும் சொன்னான்.

செல்லம்மாள் பக்கம்.

நோயாளி மனைவியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கதை, பூனாவில் ராஜமுக்தி பட வேலையில் இருந்தபோது அவரைப் பிடித்த காசநோயின் நிழலில் பிறந்தது என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். 1989இல் என் கையில் இருந்தது ஆண்டு போடாத தொகுப்பு. முதல் வரியிலேயே அவள் மூச்சு அடங்கிவிடுகிறது, அடங்கிய பின்னும் பிரமநாயகம் பிள்ளை பதறாமல் ஆக வேண்டியதைப் பார்க்கிறார். சாவை அருகில் பார்த்தவர்தான் இப்படி எழுதுவார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கதை 1943இல் கலைமகளில் வந்தது. பூனா அதற்கு நாலு வருஷத்துக்கு மேல் கழித்து. 2000இல் பதிப்பு வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆய்வேட்டைச் சிறு நூலாகப் போட்டபோது திருத்தியிருக்கலாம். அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள், எடுக்க மனம் வரவில்லை. அதன்பிறகு வகுப்பிலும் அதையே சொன்னேன். நீ என் நூலை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாய் என்று இயலைப் படிக்க அனுப்பியபோதே பார்த்தேன். பெருமையாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அப்பா எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நீ ஆண்டைப் பார்க்காமல் விட்டாய். உன் மேல் பிழை இல்லை, என்னுடையது. நெறியாளரிடமும் இதையே சொல். என் கடிதத்தைக் காட்ட வேண்டுமென்றாலும் காட்டு.

அந்தப் பத்தியை முழுக்க எடுத்துவிடாதே, திருப்பி எழுது. 1943இல் அவர் சென்னையில் பத்திரிகைச் சம்பளக்காரர், பிரமநாயகம் பிள்ளை அதே சென்னையில் துணிக்கடைச் சம்பளக்காரர், இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆண்டு ஒத்துவரும் பொருத்தம் அதுதான். ஊரை விட்டு வந்து, திரும்பிப் போகவும் வழியில்லாமல், பட்டணத்தில் இரண்டே பேராக நிற்பது. நோயை விட அதுதான் அந்தக் கதையை நடத்துகிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. நீ வேறு மாதிரி பார்த்தால் அப்படியே எழுது.

தகரப் பெட்டியில் இருந்த என் குறிப்பு நோட்டு இரண்டையும் செவ்வாய்க்கிழமை கூரியரில் போடுகிறேன். தப்பான ஆண்டுகளைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறேன், பதினொரு இடம். நீயும் ஒருமுறை சரிபார். அடிக்குறிப்பை இப்படிப் போடு, என் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுதாக எழுது: 'செல்லம்மாள் 1943இல் வெளிவந்தது. ஆசிரியரின் நோய்க்காலத்தோடு இக்கதையை இணைக்கும் இவரது கருத்து பிழையானது.'

அப்பா