பரிகாரம் சொல்லும் ஜோதிடர்களுக்கு, தாமிரபரணிக் கரையிலிருந்து

மதிப்பிற்குரிய ஜோதிடர் பெருமக்களுக்கு,

வணக்கம். பொதிகை அடிவாரத்தில், பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எழுதுகிறேன். பரிகாரம் என்று தாமிரபரணியில் விட்டுப்போகும் துணிகளை, லீவு நாட்களில் ஆற்றில் இறங்கி எடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தாயிற்று, இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த மடல் உங்களுக்கு மட்டும்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் எவ்வளவு கூட்டம் என்பது உங்களுக்கே தெரியும். மற்ற நாட்களிலும் வேன் பிடித்து வருகிறார்கள். தர்ப்பணம் கொடுத்து, முங்கிக் குளித்து, உடுத்தியிருந்த வேட்டியையும் சேலையையும் ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறுகிறார்கள். ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஜோசியர் சொன்னாருங்க."

துணியோடு தோஷமும் கடலுக்குப் போய்விடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். துணி அவ்வளவு தூரம் போவதில்லை. படித்துறை தாண்டிய முதல் பாறை இடுக்கிலேயே சேலை மாட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்தவர் விட்ட வேட்டி, அதன்மேல் மாலை கட்டிய நைலான் கயிறு, பூஜைச் சாமான் வந்த பிளாஸ்டிக் கவர். மேலே பார்த்தால் ஒரு சாண் முந்தானைதான் தெரியும். பிடித்து இழுத்தால் வராது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் மணலைக் கிளறி, கத்தியால் அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாலைந்து சேலைகள் வடம்போல் முறுக்கிக்கொண்டு, கறுத்த சேற்றோடு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு வெளியே வரும். மடிப்புகளுக்குள் செத்த மீன்குஞ்சுகள் இருக்கும். நனைந்த துணியின் கனம் சொல்லி மாளாது. ஒரு பொதியைப் படியேற்ற இரண்டு பேர் வேண்டும்.

பருத்தியாவது காலப்போக்கில் மட்கும். இப்போது வருவதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். குளிக்க இறங்குகிறவர்களின் காலைச் சுற்றும். பிள்ளைகள் குளிக்கிற இடம் ஐயா அது.

தாமிரபரணி சுமார் 130 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிற ஆறு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் இதுதான் தண்ணீர். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஆற்றுக்குள் உறைகிணறு போட்டுத்தான் எடுக்கிறார்கள். பாபநாசத்தில் ஆற்றில் விட்டதன் அழுக்கு அம்பாசமுத்திரத்துக்காரர் குடத்துக்கும், திருநெல்வேலிக்காரர் குடத்துக்கும்தான் போகும். பரிகாரம் செய்தவர் ஊர் திரும்பிவிடுவார், இவர்கள் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

துணி மட்டும்தான் ஆற்றைக் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. நெல்லை மாநகரச் சாக்கடை கலப்பது இதைவிடப் பெரிய கொடுமை. தாமிரபரணி மாசு பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குகள் போயிருக்கின்றன. அந்தப் போராட்டம் தனியாக நடக்கிறது. சாக்கடையை நிறுத்தச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், கோடிகள் வேண்டும். துணியை நிறுத்த உங்கள் வாய்ச்சொல் போதும்.

படித்துறையில் நின்று நாங்களும் சொல்லிப் பார்க்கிறோம். நல்லவர்கள், மரியாதையாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் மகளுக்கு வரன் அமையவில்லை, பிள்ளைக்கு வேலை இல்லை, வீட்டில் தீராத நோய் என்று மனசு நொந்து, கடன் வாங்கி வண்டி பிடித்து வந்தவர் அவர். ஜோதிடர் சொன்னதில் ஒன்று குறைந்தால் மொத்தமும் பலிக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை எங்களால் போக்க முடியாது. உங்களால் முடியும்.

நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. தர்ப்பணம் நடக்கட்டும். முங்கி எழட்டும். "துணியை ஆற்றில் விடு" என்பதற்குப் பதிலாக "குளித்துவிட்டு இல்லாதவருக்கு ஒரு புதுத்துணி தானம் கொடு" என்று சொல்லுங்கள். வஸ்திர தானம் பெரிய புண்ணியம் என்று நீங்களேதான் சொல்வீர்கள். பாபநாசத்திலேயே ஒரு வேட்டிக்கும் சேலைக்கும் கையேந்தி நிற்கிற முதியவர்கள் எத்தனையோ பேர். உடுத்திய துணியைக் கழித்தே ஆக வேண்டும் என்றால், கரையில் துணி போடுவதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடச் சொல்லுங்கள். பரிகாரத்தை எழுதிக் கொடுக்கும் சீட்டிலேயே "ஆற்றில் எதையும் விடக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. கையில் இருக்கும் சீட்டை யாரும் மீற மாட்டார்கள்.

உங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். டிவியில் ராசிபலன் சொல்பவர்கள் அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லுங்கள். நேரில் பார்க்க விரும்பினால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் படித்துறைக்கு வாருங்கள். அன்று எடுத்த துணி அங்கேதான் குவிந்திருக்கும்.

இப்படிக்கு,
தாமிரபரணியில் துணி எடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவன்,
விக்கிரமசிங்கபுரம்