செம்பில் இரும்பு பிடித்தது

பாம்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர் மாப்ள,

காதுகுத்துக்கு வராதது என் தப்புதான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகெல்லாம் கரைக்கு, வயர்லெஸ் செட்டெல்லாம் ரிப்பேருக்கு என் மேசைக்கு. அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை. சின்னவன் பத்தாவது போகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செம்பில் இரும்பு ஏற்றிவிட்டேன்!

பற்றவைக்கிற சால்டரிங் பிட், அதாவது சூட்டுக்கோலின் செம்பு முனை, குழி விழுவது சூட்டினால் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பற்றவைக்கிற ஈயக் கலவை உருகும்போது அதிலுள்ள வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்கிறது. அதனால்தான் நல்ல பிட்டுகளில் செம்பின் மேல் இரும்புத் தோல். அதுவும் கரையும், ஆனால் ரொம்ப மெதுவாக.

வகுப்பில் செல்வம் சார் மயில்துத்தத் (செம்பு உப்பு) தண்ணீரில் இரும்பு பிளேடை முக்கிக் காட்டினாரே, கரண்டே இல்லாமல் செம்பு படிந்ததே? அதைத் தங்கமென்று இன்னாசியிடம் விற்கப் பார்த்த ஆள்தானே நீ! தலைகீழாக அது நடக்காது. செம்பின் மேல் இரும்பு தானாக வராது, கரண்ட் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

நாட்டு மருந்துக் கடை அன்னபேதியும் (இரும்பு உப்புதான்) உரக்கடை அமோனியம் சல்பேட்டும் கரைத்தேன். இளம்பச்சைத் தண்ணீர். பிளஸ்ஸில் இரும்புத் தகடு, மைனஸில் பிட், 100 மில்லி ஆம்பியர். முதல் பூச்சு உரிந்து வந்தது. செம்பில் கைப்பிசுக்கு இருந்திருக்கிறது. அடுத்ததற்குள் தண்ணீர் காவியாகிவிட்டது. காற்று பட்டுப் பட்டு அன்னபேதி கெடுகிறது மாப்ள. கொஞ்சம் அமிலம் விட்டு, சுத்தமான இரும்புக் கட்டுக்கம்பியைச் சுருட்டி உள்ளே போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் பழைய பச்சை! அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? இங்கே யாருக்கும் புரியவில்லை.

பத்து மணி நேரத்தில் கால் மில்லிமீட்டர் போல ஏறியது. சாம்பல் நிறத்தில் அவ்வளவு அழகு. எடுத்த கையோடு ஈயம் பூசிவிட வேண்டும், நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி வைத்தாலே துரு.

இப்போது அதே இன்னாசி, படகின் தேய்ந்த ஷாஃப்டைக் கொண்டுவந்து, "இதிலும் ஏற்றிக் கொடு" என்கிறான். தேய்ந்த உருப்படிகளில் இரும்பு ஏற்றுவது உண்டுதான். ஆனால் என் பூச்சு நடுக்கடலில் உரிந்தால்? படகில் நாலு பேர் இருப்பார்கள். ரெண்டு நாளாகத் தூக்கமில்லை, அவனுக்குப் பதிலும் சொல்லவில்லை.

நீ காரைக்குடியில்தானே இருக்கிறாய். அங்குள்ள சிக்ரியில் (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தெரிந்தவர் யாராவது இருந்தால், பூச்சின் பிடிப்பை எப்படிச் சோதிப்பதென்று கேட்டு எழுது. அதுவரை ஷாஃப்ட் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

உன்,
முருகேசன்