சபைக் கூடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்குக் கட்டடக் குழுவின் ஸ்தோத்திரம்.

ஆலயத்துக்குப் பின்னால் உள்ள பழைய கூடத்தின் வேலை முடிந்துவிட்டது. கூரை, கழிப்பறை, தெருப் பக்கக் கதவு மூன்றும் முடிந்து, கடைசி பில்லும் கட்டியாகிவிட்டது. தணிக்கையான வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். கணக்கில் ஏறாத விஷயங்களுக்குத்தான் இந்த அறிக்கை.

வேலை எங்கே தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பின் சந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 2015 வெள்ளத்தில் அந்தச் சனங்களைக் கூடத்தில்தான் தங்கவைத்தோம். இந்த முறை கூடமே ஒழுகியது. எட்டு இடத்தில் வாளி வைத்தும் சமாளிக்க முடியவில்லை. கரண்டும் இல்லை. அன்று ராத்திரி ஆயர் ஆலயக் கதவையே திறந்துவிட்டார். பெஞ்சுகளை எதிரும் புதிருமாக ஒட்டிப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். ஒரு பாட்டி மட்டும் உள்ளே வராமல், செருப்பை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவர் நின்ற படிக்குக் கீழே முழங்கால் அளவுத் தண்ணீர்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களில் சிலர் பெஞ்சு வார்னிஷ் போனதைக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்போது அம்பத்தூர், ஆவடி, கொளத்தூர் பக்கம் இருக்கிறோம். நம் தாத்தாக்கள் பின்னி மில்லிலும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸிலும் வேலை பார்த்தவர்கள். சங்கு ஊதினால் நடந்தே ஷிப்டுக்குப் போகிற தூரத்தில் குடியிருந்தார்கள். மில் 1996-ல் மூடியது. வேலையைத் தேடி, வீட்டைத் தேடி நாம் நகர்ந்துவிட்டோம். ஆலயம் நகரவில்லை, அதைச் சுற்றி இருக்கும் சந்துகளும் நகரவில்லை. வாரத்தில் ஆறு நாள் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கட்டடக் குழுவில் இருந்த எங்களுக்கே வேலை நடந்த மாதங்களில்தான் தெரிந்தது.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. அது பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிமிர்த்தி மூலைவாட்டமாக அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி அடித்து, தட்டையான ஓடு பதித்த கூரை. சில வருஷம் முன்பு ஒழுகியபோது மேலே சிமெண்ட் பூசி, தாரும் அடித்தோம். அதுதான் வினை. உள்ளே இறங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் மரத்தில் தங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் 38 சட்டங்களில் 11 சட்டங்களின் முனை விரலால் குத்தினாலே உதிர்ந்தது. அப்போது சிமெண்டுக்குக் கை தூக்கியவர்கள் இப்போதைய குழுவிலும் இருக்கிறோம்.

கான்கிரீட் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பழைய சுவருக்கு அது ஒத்துவராது என்று பொறியாளர் சொன்னதால், சுண்ணாம்பிலேயே செய்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் மூன்று நாள் அடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த சித்தாள்கள் இப்போது குறைவு. கொத்தனார் அழைத்துவந்த ஆயா ஒருவர்தான் மேஸ்திரி மாதிரி நின்றார். "கட்டை எகிறித் திரும்பணும், அதுவரைக்கும் அடிங்க" என்பார். ஆள் போதாமல், பின் சந்துப் பெண்கள் ஆறு பேர் கூலிக்கு வந்தார்கள். புயலன்று நம் பெஞ்சில் படுத்திருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அதில் மூன்று பேர்.

தெருப் பக்கக் கதவுக்குத்தான் குழுவில் அதிகச் சண்டை. கூடத்துக்கு இதுவரை ஆலய வளாகத்தைச் சுற்றித்தான் வழி. கேட், வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி எல்லாம் தாண்டி வர வேண்டும். மாலை வகுப்புப் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள், பெரியவர்கள் தயங்குவார்கள். சுவரை உடைத்துத் தெருவுக்கு நேராகக் கதவு வைத்தால் பாதுகாப்பு என்ன ஆவது, குடித்துவிட்டு வருபவர்களை யார் பார்ப்பது என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். நான்கு கூட்டம் பேசி, ஓட்டெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில் கதவு ஜெயித்தது. எதிர்த்து ஓட்டுப்போட்ட அண்ணன்தான் இப்போது காலையில் கதவைத் திறக்கும் சாவியை வைத்திருக்கிறார், விடியற்காலை அவரால்தான் எழுந்திருக்க முடிகிறது.

கழிப்பறையில் எங்கள் தவறு ஒன்று உண்டு. தரைக்கு வாட்டம் சரியாக விடவில்லை. தண்ணீர் வாசற்படியில் தேங்கியது. ஒப்பந்ததாரர் தன் பிழை இல்லை என்றார். வேலை நடக்கும்போது குழுவிலிருந்து யாரும் நின்று பார்க்கவில்லை என்பதால் வாதாட வழியில்லை. உடைத்துத் திரும்பப் போட்டோம்.

இப்போது அது காலை ஐந்தரைக்குத் திறக்கிறது. தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கும் இட்லிக் கடை அக்காக்களுக்கும் அந்த நேரத்தில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான் எடுத்துச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு அம்மா கை கழுவிவிட்டு, முந்தானையிலிருந்து சில்லறையை அவிழ்த்து, "எவ்ளோம்மா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் நம்பாமல், ஐந்து ரூபாயைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஐந்து ரூபாயும் கணக்கில் வரவாக இருக்கிறது.

கூடத்தில் நடப்பவற்றில் சில மாறியிருக்கின்றன. முன்பு காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநகராட்சிப் பள்ளிக்கு வந்த பிறகு கஞ்சிக்கு வருவோர் குறைந்தார்கள். மனத்தாங்கல் இல்லாமல் நிறுத்தினோம். அந்தச் செலவு மாலை வகுப்புச் சுண்டலுக்குப் போகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையைச் சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு இரவு ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் எங்கே வருவார்கள்? பாடகர் குழுவுக்கு இதனால் பயிற்சி நேரம் போனது. அவர்களிடம் இன்னும் சரியாகப் பேசி முடிக்கவில்லை.

மதிப்பீடு 14 லட்சம். ஆனது 16 லட்சத்து 85 ஆயிரம். மட்கிய சட்டங்களும் மறுபடி போட்ட தரையும்தான் காரணம். கோபுர வண்ணப் பூச்சைத் தள்ளிவைத்தும், அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் சரிக்கட்டினோம். ஒரே பூசணிக்காயை மூன்று குடும்பங்கள் ஏலமெடுத்துத் திருப்பித் திருப்பிக் கொடுத்தன.

பாக்கி இருப்பது இரண்டு. ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று வாங்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்ட வாரத்தில் இரண்டு நாளுக்கு ஆள் இல்லை, செவ்வாய், வெள்ளி. பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது முடியுமென்றால் ஆராதனை முடிந்ததும் செயலரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்