மூட்டு மாற்று சிகிச்சை: வீடு திரும்பிய பின் நடப்பதையும் ஆராய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி வரும் செய்திகளும் விளம்பரங்களும் ரோபோ கருவி, புதுவகை உலோகம், சிறிய தழும்பு என்று பெரும்பாலும் அறுவை அரங்கோடு நின்றுவிடுகின்றன. நோயாளி வீடு திரும்பிய பிறகு வரும் மூன்று மாதங்களைப் பற்றி அபூர்வமாகவே எழுதப்படுகிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான், அந்த மூன்று மாதங்களைப் பற்றி முறையான மருத்துவ ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடத்தப்பட வேண்டும் என்பதையும், அதற்கு வேண்டிய ஏற்பாடு பெருமளவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செயற்கை மூட்டைப் பொறுத்தவரை இன்று பெரிய கவலைக்கு இடமில்லை. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரை, முழு மூட்டு மாற்று செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அந்த மூட்டு 25 ஆண்டுகள் நீடிப்பதாகக் கணக்கிட்டது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் விலைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதால், பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. ஆனால் மூட்டு சரியாகப் பொருந்தியிருந்தும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலி மாதக்கணக்கில் தொடர்வதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஒருவரைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பல வீடுகளில் நான் காணும் காட்சி ஒன்று உண்டு. அம்மாவுக்கு வலிக்கிறதே என்ற அக்கறையில் பிள்ளைகள் முட்டிக்கு அடியில் தலையணையை வைத்துவிடுகிறார்கள். மடங்கிய நிலையில் வலி குறைவதால் அவரும் அப்படியே உறங்கிவிடுகிறார். சில வாரங்களில் மூட்டின் பின்புறத் தசைகள் இறுகிப்போய், கால் முழுமையாக நீள மறுக்கிறது. நடக்கும்போது அந்தக் கால் குட்டையாகி, தொடைத் தசை சீக்கிரம் களைத்துவிடுகிறது. தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தப் பழக்கினால் போதும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு உரியவர் உரிய வாரத்தில் அந்த வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வருபவர் தையலில் கசிவு இருக்கிறதா, கெண்டைக்காலில் புது வீக்கம் தெரிகிறதா என்பதையும் பார்த்து, ரத்தக்கட்டு, நோய்த்தொற்று போன்ற ஆபத்துகளை முன்கூட்டியே மருத்துவருக்குத் தெரிவிக்க முடியும்.

வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதுமா என்ற கேள்வியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். சிட்னியில் சிக்கலின்றி அறுவை முடிந்த 165 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பத்து நாள் மறுவாழ்வு மையத்தில் தங்கவைத்துப் பிறகு வீட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை நேரே வீட்டுப் பயிற்சியில் சேர்த்தார்கள். 26 வாரங்கள் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று 2017-ல் ‘ஜாமா’ இதழில் அறிவித்தார்கள். அந்த வீட்டுப் பயிற்சி தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட பயிற்சி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சிப் படம் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த ஆய்வை நமக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

வலி தீராதவர்களுக்காகவே பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் 363 பேரைச் சேர்த்து நடந்த ‘ஸ்டார்’ ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அறுவை முடிந்து மூன்று மாதமாகியும் வலியோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பரிசோதித்து, வலிக்கு எது காரணமோ அதற்குரிய மருத்துவரிடம் அனுப்பி, பிறகு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுக்கு வலி ஓரளவு குறைந்திருந்தது. பெரிய கருவி எதுவும் இல்லாமல், நேரமும் விசாரிப்பும் மட்டுமே கொண்டு கிடைத்த பலன் இது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடிச் செல்கிறது. அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மூட்டு மாற்று அறுவையும் நடக்கிறது. இந்த இரண்டையும் இணைத்து, அறுவை முடிந்து வீடு திரும்புபவர்களில் சம்மதிப்பவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இன்று கிடைக்கும் கவனிப்பையும், மற்றவர்களுக்கு அதனுடன் குறித்த நாட்களில் வீட்டு வருகையையும் தொலைபேசி விசாரிப்பையும் கொடுத்துப் பார்க்கலாம். இன்று கிடைப்பதில் எவருக்கும் எதுவும் குறையாது என்பதால் நெறிமுறைக் குழுக்கள் தயங்கக் காரணமில்லை.

எதை அளப்பது என்பதிலும் நம் வாழ்க்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1998-ல் உருவான ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பீட்டின் பன்னிரண்டு கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் நகரப் பேருந்தின் உயரமான படியில் ஏற முடிகிறதா, கொல்லைப்புறக் கழிப்பறைக்கு இரவில் துணையின்றிப் போக முடிகிறதா, தரையில் அமரக் கூடாது என்ற அறிவுரைக்குப் பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பவற்றையும் கேட்டுப் பதிவு செய்தால்தான் கிடைக்கும் முடிவு நம் நோயாளிகளுக்குப் பயன்படும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து இரண்டு மூன்று மாவட்டங்களில் இதைத் தொடங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்து, வீட்டு வருகையால் கூடுதல் பலன் இல்லை என்று தெரியவந்தாலும் அந்த முடிவை மறைக்காமல் வெளியிடுவதாக உறுதியளித்தால், எங்களைப் போன்ற மாவட்ட இயன்முறை மருத்துவர்கள் மனமுவந்து உழைக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருவண்ணாமலை.